தடை கேட்டால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

நிலத் தகராறு என்றதும் பலர் நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிர்த்தரப்பு நிலத்தில் தலையிடக் கூடாது என்ற நீதிமன்றத் தடை) மட்டும் கேட்டு வழக்குப் போடுகிறார்கள். எதிர்த்தரப்பு உரிமையையே மறுத்து, அதில் உண்மையான சிக்கலும் இருந்தால் அந்த வழக்கு நிற்காது. உரிமை விளம்புகையும் (நிலம் தனக்கே உரியது என்ற நீதிமன்ற அறிவிப்பு) கேட்க வேண்டும் என்று 2008-இல் அனத்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சுவாதீனம் (நிலம் தன் வசம் இருப்பது) கைவிட்டுப் போயிருந்தால் அதை மீட்கவும் அதே வழக்கில் கேட்க வேண்டும். விளம்புகை மட்டும் கேட்டால், இத்தகைய நிவாரணங்களுக்கான ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 34-ஆம் பிரிவு தடுக்கும்.

சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர், 6 மாதத்துக்குள் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வழக்குத் தொடுத்தால், உரிமையை நிரூபிக்காமலே சுவாதீனம் பெறலாம். அரசுக்கு எதிராக மட்டும் முடியாது. ஏனோ இதைப் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பட்டாவை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள். அது வருவாய்த்துறைப் பதிவுதான். உரிமைக்கு மூலப்பத்திரத் தொடர்ச்சி (நிலம் கைமாறி வந்ததைக் காட்டும் பத்திரங்களின் வரிசை) வேண்டும்.