“எல்லாம் நல்லாத்தானே செய்யுது?” என்று கேட்பதை நிறுத்துங்கள்

குழந்தைகள் பிரிவில் முதல் விவரம் எடுக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். ‘வளர்ச்சி: நார்மல்’ என்று நீங்கள் எழுதும் வரிக்குப் பின்னால் பெரும்பாலும் தலைப்பில் உள்ள அந்த ஒரே கேள்விதான் இருக்கிறது. அதற்கு ‘இல்லை’ என்று சொல்ல எந்தப் பெற்றோருக்கும் எளிதில் மனம் வராது.

“பேசுதா?” என்பதை விட்டுவிட்டு, “தாகம் எடுத்தால் எப்படிக் கேட்கும்?” என்று கேளுங்கள். பெற்றோரின் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்மேல் வைக்கிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, வாய்விட்டுச் சொல்கிறதா? மூன்றும் வேறு வேறு. 18 மாதத்திலும் விரல் நீட்டாத குழந்தையை, 2 வயதில் இரண்டு சொல் சேர்க்காத குழந்தையை, ‘போகப் போகச் சரியாகும்’ என்று அனுப்பாதீர்கள். காது கேட்கிறதா என்று சோதிக்காமல் அனுப்பவே கூடாது.

வயதுக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முந்தி வந்தது. பிறந்து 10 மாதமானாலும் வளர்ச்சியை 8 மாதக் குழந்தையாக வைத்தே பாருங்கள். 2 வயது வரை இந்தக் கழித்தல் உண்டு. தடுப்பூசிக்குப் பொதுவாக இது பொருந்தாது, பிறந்த தேதியே கணக்கு.

பிறந்ததும் அழுததா என்பது மயக்கத்தில் இருந்த தாய்க்குத் தெரிந்திருக்காது. எத்தனை மணி நேரம் கழித்துக் கையில் கொடுத்தார்கள், மூச்சுக்குக் கருவி வைத்தார்களா, மஞ்சள் காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் வைத்தது மட்டுமா, ரத்தமே மாற்றினார்களா என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் அட்டை இருந்தால் அதுவே முதல் சாட்சி. குழந்தை எந்த மாதத்தில் நடக்கத் தொடங்கியது என்று கேட்டால் குழம்புவார்கள்; முதல் பிறந்தநாள் வீடியோவைத் திறக்கச் சொன்னால் நின்றதா, இடுப்பில் இருந்ததா என்று தெரிந்துவிடும்.

முன்பு செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்டது ஏதாவது உண்டா? படிவத்தில் இதற்கு இடம் இல்லாவிட்டால் ஓரத்திலாவது எழுதுங்கள். தாமதம் வேறு, வந்த திறன் போவது வேறு. பின்னதற்குக் காத்திருக்க நேரமில்லை. அதேபோல, ஒரு வயதுக்குள் ‘இடதுகைப் பழக்கம்’ என்று பெருமையாகச் சொன்னால் வலது கையைப் பாருங்கள், அதில் பலவீனம் இருக்கலாம்.

கருச்சிதைவு, இறந்துபோன குழந்தை பற்றித் தாயிடம் தனியே கேளுங்கள். வீட்டார் சூழ நின்றால் விடை மாறும்.

கேட்டதை உங்கள் மொழிக்கு மாற்றிவிடாதீர்கள். ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அடுத்தவர் வேறு வழியில் போய்விடுவார். ‘அம்மா சொன்னது: கூப்பிட்டால் திரும்புவதில்லை, பின்னால் கதவு அடித்தாலும் திரும்புவதில்லை’ என்று எழுதினால் அவர் முதலில் காதைப் பார்ப்பார்.

இப்படிக்கு,
குழந்தை வளர்ச்சித் துறையில் பணிபுரிவோர்