துறைமுகத்துக்காகக் காத்திருப்போருக்கு: திருகோணமலை வர்த்தகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத்தினருக்கு வணக்கம்.

உங்கள் கூட்டங்களில் ஏற்றுமதி பற்றிய பேச்சு எழுந்தால் அது துறைமுகத்தில்தான் போய் முடிகிறது. துறைமுகம் வளரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறீர்கள். வளரட்டும், நல்லதுதான். ஆனால் சில பெட்டி ஒடியல் மாவும் கருவாடும் அனுப்புகிறவரின் சரக்கு கொழும்பு வழியாக இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அவரை மேலும் வளரவிடாமல் தடுப்பது வெளிநாட்டைப் பற்றி அவரே வைத்திருக்கும் எண்ணம்.

சிறு உற்பத்தியாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். வெளிநாடு என்றால் அவர்களுக்கு டொரொண்டோவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் உள்ள நம்மவர் கடைகள். இதைக் குறை சொல்ல மாட்டேன். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஜோஹான்சனும் வால்னும் 1977இல் விளக்கியதும் ஏறத்தாழ இதுவே: நிறுவனங்கள் மொழியாலும் வழக்கத்தாலும் நெருக்கமான சந்தையில் முதலில் கால்வைக்கின்றன, அங்கே கற்றதைக்கொண்டு அடுத்த நாட்டுக்கு நகர்கின்றன. இந்த நெருக்கத்துக்கு மைல் கணக்கு உதவாது. நம் வணிகருக்குக் கொச்சியைவிட டொரொண்டோ பக்கம்.

இந்த விளக்கத்தில் கற்றல் என்ற பாதியைத்தான் நம்மவர் விட்டுவிடுகிறார்கள். மச்சானின் கடைக்குத் தூள் போகிறது, பணம் வருகிறது. யார் வாங்கினார், திரும்பவும் வந்தாரா, உறையில் என்ன குறை என்று எவரும் கேட்பதில்லை. உறவுக்காரரைத் துருவிக் கேட்பது மரியாதையல்லவாம்! அதனால் ஆண்டுக்கணக்கில் அனுப்பியும் சந்தை புதிராகவே இருக்கிறது.

உங்கள் பயிற்சிகளும் இதை மாற்றுவதில்லை. ஐந்தாண்டு இலாபத்தை மதிப்பிட்டுத் திட்ட அறிக்கை எழுதச் சொல்கிறீர்கள். புதிய சந்தையில் அந்த எண்கள் வெறும் கற்பனை. தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வேறொரு கேள்வியை முன்வைத்தது: கையில் இருப்பதை வைத்து, எவ்வளவு இழந்தால் நான் தாங்குவேன்? மூதூரில் பனங்கட்டி செய்யும் ஒருவர் இதற்கு ஒரே மாலையில் விடை சொல்லிவிடுவார்.

ஒரே வாசலை நம்புவதும் ஆபத்து. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லை என்று 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் வேறு வாங்குநரை அறியாதவர் என்ன செய்திருப்பார்?

ஆகவே அடுத்த பயிற்சியில் திட்ட அறிக்கைப் படிவத்தை ஒதுக்கிவையுங்கள். டொரொண்டோவின் கடைக்காரர் ஒருவரைக் காணொளி அழைப்பில் கொண்டுவந்து, நம் பொருளின் குறைகளை எல்லோர் முன்னும் சொல்லச் சொல்லுங்கள். அவர் எவருக்கும் மச்சானாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு கணக்காளர்