மோட்டார் டெண்டர்ல எடத்தையும் எழுதுங்கய்யா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர்ல வர்ற டெண்டர் விளம்பரத்த தொழில் காரணமா விடாம படிக்கிறவன் நான். மோட்டார் கேட்டு வர்றதுல முக்காவாசி "10 எச்பி, த்ரீ பேஸ், ஐஎஸ்ஐ முத்திரை"யோட முடிஞ்சுடுது, சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரங்க கொட்டேஷன் கேக்குற லட்சணமும் அதேதான். கம்மி ரேட் போட்டவனுக்கு ஆர்டர் போகுது, காயில் கருகினதும் கம்பெனி சரியில்லங்கறாங்க. கேட்டதத்தானேய்யா அவன் குடுத்தான்?

மோட்டார் எங்க நிக்கப்போகுதுன்னு எழுதணும். கம்பெனிக்காரன் சாதாரணமா கணக்குப் போடுறது சுத்துப்புற சூடு 40 டிகிரி, உயரம் 1000 மீட்டர் வரைக்கும். ஏற்காடு 1500 மீட்டர் கிட்ட, காத்து லேசு, மோட்டார் சூடு சரியா எறங்காது, அதச் சொல்லியே காபி எஸ்டேட்காரங்க தலையில ஒரு சைஸ் பெரிய மோட்டார கட்டிடுறாங்க. ஆனா கிளாஸ் எஃப் இன்சுலேஷன்ல (காயில் எவ்ளோ சூடு தாங்கும்னு சொல்ற ஒரு தரம்) 1000-க்கு மேல ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அந்த 40-லேருந்து ஒரு டிகிரி சொச்சம்தான் கழிக்கணும், அப்படிப் பாத்தா 34 டிகிரிக்குள்ள இருக்குற எடத்துல அதே மோட்டார் ஃபுல் லோடு இழுக்கும். ஏற்காட்டு நிழல்ல அவ்ளோ சூடு எங்க இருக்கு? உயரத்தோட சூட்டையும் சேத்து எழுதிட்டா வீண் செலவு இல்ல.

நெசமான தலவலி மலைக்குக் கீழ, சேகோ ஆலைலதான். ஜவ்வரிசி வறுக்குற அடுப்புப் பக்கத்துல நிக்கிற மோட்டாருக்கு 40 டிகிரி எந்த மூலைக்கு, 50ன்னு கேக்கணும். கிழங்கு அரைக்கிற எடத்துல மாவுப்பால் தெறிக்கும், ஹோஸ் வச்சு வேற கழுவுவாங்க, அங்க ஐபி 55 (தூசியும் தண்ணி பீச்சலும் தாங்குற மூடாப்புத் தரம்) கேக்கணும், கேபிள் உள்ள நுழையுற எடத்த எறுக்கி அடைக்கிற கிளாண்டையும் சேத்துத்தான், ஏன்னா ஒயர் இணைக்கிற டெர்மினல் பாக்ஸ தொறந்தா உள்ள மாவு காஞ்சு பசையா அப்பிக்கெடக்கும், வாஷர் இல்லாத கிளாண்டு வழியா எறங்கினது அது.

விஎஃப்டி (மோட்டார் ஸ்பீட கூட்டிக் கொறைக்கிற கருவி) போடுறதா இருந்தா அதையும் முன்னாடியே சொல்லிடுங்க, ஸ்பீட கொறச்சா மோட்டார் பின்னாடி இருக்குற ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், சூடு எறங்காது.

அப்புறம் ஐஈ3ன்னும் எழுதுங்க, ஐஈங்கறது மோட்டார் எவ்ளோ கரண்ட் மிச்சம் புடிக்கும்னு சொல்ற தரம், நம்பர் கூடக்கூட நல்லது. 10 எச்பி, நாலு போல் (காந்த முனை) மோட்டார்ல ஐஈ2 எஃபிஷியன்சி 88.7 சதவீதம், ஐஈ3 90.4. இதென்ன பெரிய வித்தியாசம்னு தோணும், ஃபுல் லோடுல நாள் பூரா ஓடினா நாலு யூனிட் கிட்ட மிச்சம்.

டெண்டர் எழுதுற சார்மாருங்க பழைய நேம் பிளேட்ட பாத்து அப்படியே காப்பி அடிக்காம, மத்தியானம் ஒருக்கா மெஷின் பக்கத்துல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துட்டு எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
செவ்வாய்பேட்டை, சேலம்