பிப்ரவரி டிக்கெட்டுக்கு அவசரப்படாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இரண்டு மாதம் லீவு, டிக்கெட் போட்டுவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். அவள் அன்றைக்கே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். நான் ஒருவன்தான் குறுக்கே நிற்கிறேன். போனில் சொன்னால் நம் இருவருக்கும் வாக்குவாதம்தான் மிஞ்சும், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய அட்டவணையை நிதானமாகப் படித்தேன். நீ படிக்கும் ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் முடிவது பிப்ரவரி நடுவில். அப்படியென்றால் நீ லீவு என்று சொல்லும் காலத்தில் பெரும்பகுதி செமஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. வகுப்புதான் கிடையாது, வேலை உண்டு. எழுத்துத் தேர்வுகள் கடைசி வகுப்பை ஒட்டி வரும். சில பாடங்களுக்கு இரண்டாம் வாய்ப்பு மார்ச் கடைசியில் வரும். போதாக்குறைக்கு, செமினார் கட்டுரையை மார்ச்சுக்குள் கொடுக்க வேண்டும் என்று போன வாரம் நீயே புலம்பினாய். அந்தக் கட்டுரைக்கு வேண்டிய புத்தகங்கள் உன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, நம் வீட்டு அலமாரியில் இல்லை. வந்த இரண்டாம் நாளே லேப்டாப்பும் கையுமாக மூலையில் உட்காருவாய். அம்மா வந்து வந்து எட்டிப் பார்ப்பாள்.

லீவு எத்தனை வாரம் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. தேர்வு அந்த லீவுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அமெரிக்காவில் செமஸ்டர் முறை உள்ள இடங்களில் சுமார் பதினைந்து வாரம் வகுப்பு, டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்பே தேர்வு முடிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ மாதிரி ஆண்டை நான்காகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை உள்ள இடங்களில் சுமார் பத்து வாரத்துக்கு ஒருமுறை தேர்வு, மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் அங்கேயும் டிசம்பரில் தேர்வு முடிந்துதான் பையன்கள் வீட்டுக்குப் போகிறார்கள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் ஜனவரியில் தேர்வு. அங்கே கிறிஸ்துமஸ் லீவில் பாதி மனது பாடத்தில்தான் இருக்கும். உனக்கும் டிசம்பர் கடைசியில் இரண்டு வாரம் கிடைக்கிறது, தேர்வு பிப்ரவரியில். அதே கதைதான்.

உன் அத்தை மகள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு விண்ணப்பிக்கிறாள், தெரியும் அல்லவா? வருடத்துக்கு மூன்று டெர்ம், ஒவ்வொன்றும் எட்டே வாரம், மீதியெல்லாம் லீவு என்று குதிக்கிறாள். அந்த லீவில் படிக்கப் பட்டியல் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த டெர்ம் தொடங்கும்போது, முந்தைய டெர்மில் நடத்தியதை வைத்துக் கல்லூரியே ஒரு பரீட்சை வைக்கும். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், நீ சொல்லிப் பார்.

ஒரே நாட்டுக்குள்ளும் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியிலேயே மான்ஹைம் பல்கலைக்கழகத்தில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கி டிசம்பரில் தேர்வு வைக்கிறார்கள். உன் தோழி அங்கே படிப்பதால்தான் அவளுக்கு ஒத்துவரும் தேதி உனக்கு ஒத்துவரவில்லை.

இனி உன் தம்பி விஷயம். அவனுக்கு மெல்போர்னில் எல்லாம் தலைகீழ். நவம்பரில் தேர்வு முடிந்தால் பிப்ரவரி கடைசி வரை முழு லீவு. நீ தேர்வு எழுதி முடிக்கும் நேரத்தில் அவனுக்குப் புது செமஸ்டர் தொடங்கிவிடும். நீ ஜூலை கடைசியில் ஓய்வாகும்போது அவனுடைய இரண்டாம் செமஸ்டர் ஆரம்பம். இருவரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்கு இரண்டே இடைவெளிதான் இருக்கிறது: டிசம்பர் கடைசி, இல்லையென்றால் செப்டம்பர் கடைசியை ஒட்டி அவனுக்குக் கிடைக்கும் ஒரு வார இடைவேளை. அந்த ஒரு வாரத்துக்காக அவன் இவ்வளவு தூரம் பறந்து வருவது வீண். டிசம்பரில் வரவும் அவன் தயங்குகிறான், காரணம் நியாயமானதுதான். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம், லீவில் அந்த வரம்பு கிடையாது. சம்பாதிக்கிற மாதங்கள் அவனுக்கு அவைதான்.

அதனால் என் யோசனை இது. இந்த முறை இருவரும் ஒன்றாக வர வேண்டாம். அவன் டிசம்பர், ஜனவரியில் வேலை பார்த்துவிட்டு, பிப்ரவரியில் இரண்டு வாரம் வரட்டும். நீ ஆகஸ்டில் வா. கோடைத் தேர்வுகளை முதல் வாய்ப்பிலேயே எழுதி முடித்துவிட்டால், அக்டோபர் நடுவரை உன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த செமஸ்டருக்கான மறுபதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பு, அதன் கெடு பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். இங்கிருந்து கொண்டு ஓடுவது வம்பு.

அம்மா இதற்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. காலண்டர் வட்டமும் அப்படியே இருக்கிறது. நீயும் அவளிடம் ஒரு வார்த்தை பேசு, ஆனால் நான் சொல்லிக்கொடுத்தேன் என்று காட்டிக்கொள்ளாதே. கோடை செமஸ்டர் தேர்வுத் தேதிகள் வந்த உடனே எனக்கு அனுப்பு. டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா