துருவ ஒளியை மட்டும் நம்பிப் போக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வெளியான ஆர்க்டிக் குளிர்காலப் பயணக் கட்டுரையைப் படித்தேன். பக்கத்தின் பாதியைத் துருவ ஒளி படர்ந்த பச்சை வானம் அடைத்துக்கொண்டிருந்தது; கட்டுரையும் அதைத் தாண்டிப் போகவில்லை. கடந்த ஜனவரியில் மனைவியுடன் நார்வேயின் டிரோம்சோவிலும் பின்லாந்தின் ரோவனியமியிலும் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்தவன் என்ற முறையில், அந்தப் படத்தைப் பார்த்துப் பெட்டி கட்டத் தொடங்கியிருக்கும் சென்னை வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பயணத்தை ஏற்பாடு செய்த முகவர் தந்த தாளில் 'அரோரா உறுதி', அதாவது துருவ ஒளி நிச்சயம் தெரியும் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் துருவப் பக்கம் திருப்பப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள உயரத்தில் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் மோதுவதால் எழுகிற ஒளி அது. அதற்கும் நமக்கும் நடுவில் மேகம் வந்து நின்றுவிட்டால் முகவர் என்ன செய்துவிட முடியும்? டிரோம்சோ கடலோர ஊர். நாங்கள் இருந்த நான்கு இரவுகளில் மூன்று இரவு ஒரே மூட்டம். நான்காம் இரவு மலைக்கு மேலே வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தது. அடுப்புப் புகை போல இருக்கிறதே என்றாள் மனைவி. கைப்பேசியை முக்காலியில் பொருத்திச் சில விநாடிகள் அசையாமல் வைத்துப் படமெடுத்த பிறகுதான் அது பச்சை என்று தெரிந்தது. ஒளி வலுத்தால் வெறுங்கண்ணுக்கே நிறம் தெரியும் என்பது உண்மைதான். எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

செலவழித்த பணம் முழுவதற்கும் ஈடாக இருந்தது, ரோவனியமிக்கு வெளியே காட்டுக்குள் ஓட்டிய நாய் வண்டி. ஆறு ஹஸ்கி நாய்கள். வாரில் பூட்டிய நேரத்திலிருந்து ஒவ்வொன்றும் ஊளையிட்டுக் குதித்து, வண்டியையே பிய்த்துவிடும் போல இழுத்துக்கொண்டிருந்தன. பனியில் குத்தியிருந்த இரும்புக் கொக்கியை வழிகாட்டிப் பெண் பிடுங்கிய மறுகணம் அத்தனை கூச்சலும் அடங்கி, சறுக்குக் கட்டைகள் பனியை உரசும் ஒலி மட்டும் மிஞ்சியது. ஒருவர் போர்த்திக்கொண்டு வண்டிக்குள் உட்கார, மற்றவர் பின்னால் கட்டைகளின் மேல் நின்று ஓட்ட வேண்டும். பிரேக் என்பது காலால் மிதிக்கும், பல் வைத்த ஓர் இரும்புச் சட்டம். இறக்கத்தில் அதை மிதிக்காவிட்டால் வண்டி நாய்களின் கால்களில் இடித்துவிடும் என்றும், தடுமாறி விழுந்தாலும் கைப்பிடியை விடக் கூடாது என்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நாய்கள் நமக்காக நிற்கப்போவதில்லை. ஏற்றத்தில் ஒற்றைக் காலால் தரையை உந்தி நாமும் உதவ வேண்டும். நான் அதை மறந்தபோது கடைசி வரிசை நாய் ஓடியபடியே திரும்பி என்னைப் பார்த்த பார்வை, முப்பது வருட வங்கிப் பணியில் எந்த மேலதிகாரியும் பார்க்காத பார்வை.

உறைந்த ஏரியில் கைத்துளைப்பானால் ஓட்டை போட்டு, முழ நீளத் தூண்டிலைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். மீன் சிக்கவில்லை, சைவர்களான எங்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. அந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி இன மக்களின் (பெயரைக் கேட்டு நம் ஊர் சாமியை நினைக்க வேண்டாம்) பனிமான் பண்ணைக்குச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மான்கள் வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்பது, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரைக் கேட்பதற்குச் சமம்.

இருட்டை எண்ணிப் பயப்படுவோரும் உண்டு. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை டிரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. ஆனால் நண்பகலையொட்டிச் சில மணி நேரம் பனி முழுவதும் நீலமாக ஒளிரும் ஒரு வெளிச்சம் இருக்கிறது. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் சூரியன் எட்டிப்பார்க்க ஜனவரி 21 வாக்கில் ஆகிவிடுகிறது. அன்று 'சூரிய பன்' என்று ஓர் இனிப்பு பன்னை ஊரே வாங்கிச் சாப்பிடுகிறது. நாம் பொங்கல் வைத்துச் சூரியனைக் கும்பிட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

உடை விஷயத்தில் நான் செய்த தவறு உள்ளே பருத்தி பனியன் அணிந்தது. வியர்வையில் நனைந்த பருத்தி காயாமல் உடம்பிலேயே குளிர்ந்துவிடும். கம்பளி உள்ளாடைதான் சரி. காலுறையை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டுக் காலணியை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் விறைக்கும். கனமான மேலுடையையும் பூட்சையும் அங்கே நாய் வண்டிக்காரர்களே தந்துவிட்டார்கள். அவற்றுக்காகத் தியாகராய நகரில் நாங்கள் செலவழித்தது வீண். மார்கழிக்கு நாம் போடும் குரங்குக் குல்லா மட்டும் அங்கும் நன்றாகவே உழைத்தது. கைப்பேசியை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். பருப்புப் பொடி கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது, பால் பொருள்களை வெளியிலிருந்து எடுத்துவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய வானத்தின் படத்தை வெளியிடும்போது, கேமராவின் ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருந்தது என்பதைப் படத்தின் கீழே ஒரு வரியில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை – 600 033