நுங்கம்பாக்கத்தின் கருங்கல் தூண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் வரும்போது மட்டுமே நம் நினைவுக்கு வரும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் கதை, விண்மீன்களை நோக்குவதில் தொடங்கியது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தமாக அமைத்திருந்த வானாய்வுக்கூடத்தின் கருவிகளைக் கொண்டு, கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் உதவும் பொருட்டு, கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி 1792-இல் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கட்டடம் எழுப்பியது. அவருக்கு அடுத்து வந்த வானியலாளர் கோல்டிங்காம் 1796 முதல் வானிலைக் குறிப்புகளைப் பதிந்து வந்தார். நாட்டின் வானிலைத் துறையே 1875-இல்தான் பிறந்தது என்பதை எண்ணினால் அந்தப் பதிவேட்டின் அருமை விளங்கும். 1899-இல் வானியல் பணி கொடைக்கானலுக்குச் சென்றது. வானிலைப் பணி இங்கேயே தங்கியது. இன்றைய மண்டல வானிலை மையம் 1945-இல் அமைந்தது.

முதல் தொலைநோக்குக் கருவியைத் தாங்கிய 15 அடிக் கருங்கல் தூண், தமிழிலும் தெலுங்கிலும் வெட்டிய எழுத்துகளோடு, இவ்வளாகத்தில் இன்றும் இருக்கிறது. (கம்பெனியார் தமிழில் கல்வெட்டு வைத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.) பள்ளி மாணவர்கள் இதனை எளிதாகக் காணவும், பழைய பதிவேடுகளின் சில பக்கங்களையேனும் அருகில் காட்சிக்கு வைக்கவும் அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை