சாவுச் செய்திக்குப் பின்னணி இசை எதற்கு? தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும், படத்தொகுப்பு மேசையில் இரவு பகலாக உழைக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆவணப்படங்களுக்கு ஒலிக்கலவை செய்வது என் தொழில். அந்த உரிமையில் கேட்கிறேன்: சாவுச் செய்திக்கும், விபத்துக் காட்சிக்கும், கைதானவரின் முகத்துக்கும் அடியில் ஓடவிடும் பின்னணி இசையை நிறுத்துங்கள்.

இதை ரசனைக் குறைபாடு என்று நினைத்து நான் எழுதவில்லை. இசை சேர்ந்ததும் செய்தியே வேறாகிவிடுகிறது. 2016-இல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் ஒரு சோதனை வெளிவந்தது. சுறாக்கள் நீந்தும் 60 விநாடிக் காட்சி ஒன்றைச் சிலருக்கு அச்சமூட்டும் இசையுடனும், சிலருக்கு உற்சாகமான இசையுடனும், வேறு சிலருக்கு இசையே இல்லாமலும் காட்டினார்கள். பிறகு சுறாக்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அச்ச இசையோடு பார்த்தவர்கள்தான் சுறாக்களை அதிகம் எதிர்மறையாக மதிப்பிட்டார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகப்பட்டது இன்னொரு முடிவு. படமே இல்லாமல் இசையை மட்டும் கேட்டவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. இசையும் காட்சியும் ஒன்றாக வந்தபோதுதான் திரையில் இருந்த உயிரின்மேல் பழி விழுந்தது.

சுறாவின் இடத்தில் ஒரு மனிதரை வைத்துப் பாருங்கள். முகத்தைத் துண்டால் மூடியபடி ஒருவரைக் காவலர்கள் நீதிமன்றப் படியேற்றுகிறார்கள். கையில் இருப்பது ஐந்தாறு விநாடிக் காட்சி. அதன் வேகத்தைப் பாதியாக்கி, திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அடியில் தாழ்ந்த சுருதியில் ஓர் உறுமலும் அதன்மேல் நெஞ்சுத் துடிப்பைப் போன்ற தாளமும் சேர்க்கிறீர்கள். செய்தி வாசிப்பவர் கவனமாக 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றே சொல்கிறார். இசை 'குற்றவாளி' என்று சொல்லிவிடுகிறது. வீட்டில் பார்ப்பவர் மனத்தில் தங்குவது இசை சொன்னதுதான். பின்னாளில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தால் அந்தச் செய்தி இசையில்லாமல் ஒரு வரியில் திரைக்கடியில் ஓடிப் போகிறது. வார்த்தையில் தவறு நேர்ந்தால் மறுப்பு வெளியிடலாம். உறுமலுக்கு எப்படி மறுப்பு வெளியிடுவீர்கள்?

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். கைபேசியில் எடுத்த காட்சியில் காற்று இரையும், ஒலி விட்டுவிட்டு வரும். செய்தித் தொகுப்பைச் சில நிமிடங்களில் முடித்தாக வேண்டும். வெட்டிய இடங்களை மறைக்க இசையைப் போல வசதியானது வேறில்லை. ஆனால் காற்றின் இரைச்சலும், 'ஆம்புலன்ஸ் வருது, வழி விடுங்க' என்று யாரோ கத்துவதும்கூடச் செய்தியின் பகுதிதான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அத்தகைய நிகழ்வில் யார் எப்போது கூச்சலிட்டார்கள், பேச்சு எந்த இடத்தில் நின்றது என்பதையெல்லாம் சம்பவ இடத்தின் ஒலி சொல்லக்கூடும். அதை அழித்துவிட்டுச் சோக முனகலை நிரப்புவது சாட்சியின் வாயை அடைப்பதுதான்.

என்னை மிகவும் வருத்துவது டிசம்பர் 26, 2004 சுனாமியின் நினைவு நாள். ஆண்டுதோறும் அன்று நாகப்பட்டினம் கரையோர ஊர்களில் பெண்கள் கடலில் பாலூற்றிப் பூத்தூவி அழுகிறார்கள். அந்த அழுகையில் சொல் இருக்கிறது. பிள்ளையின் பெயர் சொல்லி, அது கேட்ட பலகாரத்தைச் சொல்லி, கடலை ஏசி, தெய்வத்தைக் கேள்வி கேட்டு அழுகிறார்கள். ஒப்பாரிக்கென்று மெட்டு உண்டு, மூச்சு எடுக்கும் இடம் உண்டு. இதன்மேல் ஒரு வயலின் துணுக்கையோ பெண்குரல் ஹம்மிங்கையோ போர்த்தினால் என்ன ஆகும் என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். மனிதக் குரல் இருக்கும் அதே அதிர்வெண் வரம்பில்தான் வயலினும் உட்காருகிறது. சொற்கள் மங்கி, வாயசைவும் கண்ணீரும் மட்டுமே மிஞ்சுகின்றன. அந்தத் தாய் என்ன சொன்னாள் என்பது போய், அவள் எவ்வளவு அழுதாள் என்பது மட்டும் நமக்குக் கிடைக்கிறது.

கூத்திலும் சாவு வருகிறது. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் நம்மை அழவைக்கின்றன. ஆனால் வாசிப்பவர்கள் நம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். திரை பிடித்து, கட்டியங்காரன் பேசி, இது ஆட்டம் என்று அறிவித்த பிறகே நடக்கிறது. அழலாம் என்று நாமே இசைந்து அழுகிறோம். செய்தி பார்ப்பவரிடம் அந்த இசைவை நீங்கள் கேட்பதில்லை.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரி 9 அன்று தொலைக்காட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரையில், சடலங்களையும் இரத்தத்தையும் மங்கலாக்காமல் நெருக்கத்தில் காட்டுவதைக் கண்டித்தது. அதன்பின் படத்தை மங்கலாக்கும் பழக்கம் ஓரளவு வந்திருப்பதை நன்றியோடு பார்க்கிறேன். ஆனால் மங்கலான படத்துக்கு அடியில் திகிலிசை ஓடினால், மறைத்ததை மனம் இன்னும் கோரமாக வரைந்துகொள்கிறது. படத்துக்குக் காட்டும் அக்கறை ஒலிக்கும் வேண்டும். 2025 மே மாதத்தில், விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் தவிர மற்றவற்றில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கொலியை ஊடகங்கள் பயன்படுத்த வேண்டாம் என்று உள்துறை அமைச்சகத்தின் குடிமைப் பாதுகாப்புப் பிரிவு கேட்டுக்கொண்டது. அடிக்கடி கேட்டால், உண்மையான சங்கு ஊதும்போது மக்கள் பொருட்படுத்தாமல் போவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். துயரத்துக்கும் இது பொருந்தும் என்று நான் நம்புகிறேன். எல்லாச் சாவுக்கும் ஒரே மெட்டை ஒலிக்கவிட்டால் எந்தச் சாவும் உறைக்காது.

இசை இல்லாவிட்டால் பார்வையாளர் வேறு சேனலுக்குப் போய்விடுவார் என்பீர்கள். எல்லோரும் ஒன்றாக நிறுத்தினால் அவர் எங்கே போவார்? அதனால்தான் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் எழுதாமல் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். தலைப்பு இசை இருக்கட்டும், விளையாட்டுச் செய்திக்கும் திருவிழாவுக்கும் இசை இருக்கட்டும். மரணம், விபத்து, பாலியல் குற்றம், கைது ஆகிய நான்கிலும் வேண்டாம் என்று உங்கள் நடைமுறைக் கையேட்டில் எழுதிவையுங்கள். படத்தொகுப்பாளரிடம் வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த பரபரப்பில் மறந்துபோகும்.

முதல் படியாக, வரும் டிசம்பர் 26 அன்று அந்த ஒப்பாரியைச் சேர்க்கை எதுவும் இல்லாமல் ஒளிபரப்புங்கள். கடலோரக் காற்றில் குரலைத் தெளிவாகப் பதிவு செய்வது எப்படி என்று உங்கள் செய்தியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால், கட்டணம் வாங்காமல் நானே வருகிறேன். என்னைப் போலவே வரக்கூடிய ஒலிப்பதிவாளர்கள் பலர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஓர் ஒலிக்கலவைக் கலைஞன்